மூங்கில் சுறா முட்டை: மதுரை வெயிலில் பொரிக்க வைக்க முடியுமா?

#1 வைகைவடகரை
மண்டபம், பாம்பன் பக்கம் விசைப்படகு மடியில் (இழுவலையில்) மூங்கில் சுறாவோட, அதாவது கடலடியில் கிடக்கிற சின்னச் சுறாவோட, முட்டைக்கூடு சில நேரம் ஏறி வருது. மீனைப் பிரிக்கும்போது குப்பையோடு குப்பையா ஒதுக்கிடுறாங்க. அதை மதுரைக்குக் கொண்டுவந்து பொரிக்க வைக்கலாமா? கையில் இருப்பது 4×2×2 அடி கடல்நீர்த் தொட்டி. வடிகட்டி ஓடி நிலைப்பட்டுவிட்டது, உள்ளே மீன் எதுவும் இல்லை. எந்த இனம்னு எப்படிக் கண்டுபிடிப்பது, எத்தனை நாள் ஆகும், சித்திரை வெயிலைத் தாங்குமா? தெரிஞ்சவங்க விவரமா எழுதுங்க.

#2 பாம்பன்காற்று
முதல்ல சட்டம். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவில் உள்ள 21 தீவும் அதைச் சுற்றிய கடலும் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா. அதற்குள் முட்டை மட்டுமில்ல, செத்த சங்கைக்கூட எடுக்கக் கூடாது. வெளிக்கடல் மடியில் வந்ததா இருந்தாலும் வனத்துறை, மீன்வளத்துறை ரெண்டு இடத்திலும் கேட்டுட்டு எழுத்தில் வாங்கிக்கோங்க. வனவிலங்குச் சட்ட அட்டவணை 2022 திருத்தத்தில் மாறியிருக்கு. பழைய பட்டியலைக் காட்டி “இது வராதுண்ணே”னு சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க.

அடுத்தது தொட்டி. 4×2×2 அடின்னா 16 கன அடி, சுமார் 450 லிட்டர். குட்டி வளரப் போதும், பெருசுக்குப் போதாது. கூட்டை உடனே திரும்பக் கடலில் போடச் சொல்றதுதான் முட்டைக்கு நல்லது. ஒதுக்கின கூட்டைப் பாறையோ கடல்புல்லோ உள்ள இடத்தில் படகுக்காரரே போட்டுட்டா உங்க தொட்டியே தேவையில்ல.

#3 செவுள்
பாம்பன்காற்று சொன்னதுதான் என் கருத்தும். ஆனா கேள்வி கேட்டாச்சு, விவரம் எழுதிடுறேன்.

மன்னார் வளைகுடா, பாக் நீரிணை மடிகளில் பார்க்கக்கூடிய மூங்கில் சுறா பெரும்பாலும் ரெண்டு இனம். சாம்பல் மூங்கில் சுறா (கைலோசில்லியம் கிரீசியம்), ஒல்லி மூங்கில் சுறா (கைலோசில்லியம் இண்டிகம்). முதலாவது 75 செ.மீ. அளவில் நின்றுவிடும், இரண்டாவது அதைவிடச் சிறிது. கடையில் விலைக்கு வருவது வேற ரெண்டு: ஒரு மீட்டரைத் தாண்டக்கூடிய பழுப்புப் பட்டைச் சுறா (பங்க்டேட்டம்), உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி உள்ள பிளேஜியோசம்.

வளர்ந்ததைப் பிரிப்பது சுலபம். முதுகுத் துடுப்பின் பின்விளிம்பு உள்வாங்கி, அடிமுனை பின்னால் நீட்டிக்கொண்டு இருந்தா பழுப்புப் பட்டை. விளிம்பு நேராவோ லேசா புடைச்சோ இருந்து உடம்பில் குறியே இல்லைன்னா சாம்பல். மெலிஞ்ச உடம்பில் சின்னச் சின்னக் கரும்புள்ளியும் கோடும் சிதறிக் கிடந்தா ஒல்லி. குட்டியில்தான் குழப்பம். சாம்பலுக்கும் பழுப்புக்கும் சின்னதில் அழுத்தமான பட்டை இருக்கும், வளர வளர மங்கிப் போகும். பட்டையைப் பார்த்துப் பேர் வைக்காதீங்க.

எல்லாத்துக்கும் பொதுவான அடையாளம் குதத் துடுப்பு. நீளமா, தாழ்வா, வாலை ஒட்டியே பின்னால் இருக்கும். கண்ணுக்குக் கீழே பெரிய மூச்சுத்துளை இருக்கும், மூக்கருகே ரெண்டு மீசை.

கூட்டை வச்சு இனம் சொல்றது கஷ்டம். ஒண்ணு மட்டும் கவனிங்க. பழுப்புப் பட்டையின் கூடு ஏறத்தாழ 11×5 செ.மீ. அதைவிட ரொம்பப் பெருசா, உள்ளங்கையைத் தாண்டி 15 செ.மீ.க்கு மேல் இருந்தா அது வரிக்குதிரைச் சுறாவோடதா இருக்கலாம். அது ரெண்டு மீட்டருக்கு மேல் வளரும் பிராணி. கையே வைக்காதீங்க.

#4 உப்புமூட்டை
முட்டை விஷயத்துக்கு வர்றேன். தாய் ஒரு தடவைக்கு ரெண்டு கூடு இடும், ஒவ்வொரு கருக்குழலில் இருந்தும் ஒண்ணு. பக்கவாட்டில் பட்டு நூல் மாதிரி இழை இருக்கும், பாசியிலும் கல்லிலும் மாட்டிக்கொள்ள. அதோட தாய் வேலை முடிஞ்சது. அடைகாப்பும் இல்ல, காவலும் இல்ல.

25 டிகிரியில் சுமார் நாலு மாசம். இனத்தையும் சூட்டையும் பொறுத்து மூணு முதல் அஞ்சு மாசம் வரை ஓடும். முதல் பகுதியில் கூடு நாலு பக்கமும் மூடி இருக்கும். பிறகு ஓரத்துப் பிளவுகள் திறந்து கடல்நீர் உள்ளே போகும், உள்ளே இருக்கும் குட்டி வால் நுனியை ஆட்டி ஆட்டி அந்த நீரை ஓட்டிக்கொண்டே இருக்கும். பிளவு திறந்த கூட்டைத் தண்ணிக்கு வெளியே தூக்கினா காத்து உள்ளே புகுந்து குமிழாச் சிக்கிக்கும். பல பேர் கூட்டை இழப்பது இங்கதான். தண்ணிக்குள்ளேயே வச்சு, பாத்திரத்தோட தூக்கணும்.

கொண்டுவர்ற முறை:
மண்டபத்திலிருந்து மதுரை 150 கி.மீ. அளவு. பகல் வேண்டாம். ராத்திரி, இல்லைன்னா வெள்ளன கிளம்புங்க. அந்த இடத்துக் கடல்நீரையே பையில் பிடிங்க, ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு பை. கூடு முழுசா முங்கியே இருக்கணும், மேலே ஆக்சிஜன். உருளாம இருக்க ரெண்டு பக்கமும் புது ஸ்பாஞ்சு. எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கம் ஒரு பருத்தி நூல் கட்டி வச்சுக்கங்க, தொட்டியிலும் அதே பக்கம் மேலே. இளம் கரு மஞ்சள்கருமேல் ஒட்டியிருக்கும், புரட்டினா அறுந்துரும். எல்லாம் தெர்மகோல் பெட்டிக்குள். ஐஸ் பொட்டலம் பையைத் தொடாம, மூடியின் உள்பக்கம்.

வந்ததும் பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, அப்புறம் சொட்டுச் சொட்டா தொட்டித் தண்ணியை ஒரு மணி நேரம் கலந்து, பிறகு மாத்துங்க.

தொட்டியில் கூட்டை அடியில் வைக்காதீங்க. பிளாஸ்டிக் வலைக் கூடையில் போட்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், மிதமான நீரோட்டத்தில் தொங்க விடுங்க. பம்பின் வாய்க்கு நேரா வேண்டாம். பாசி படிஞ்சா மென்மையான பிரஷால் தண்ணிக்குள்ளேயே துடைக்கலாம்.

#5 வைகைவடகரை
உயிர் இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

#6 செவுள்
அறை விளக்கை அணைச்சுட்டு, சூடாகாத எல்இடி டார்ச்சைக் கூட்டின் பின்னால் பிடிங்க. உருண்டையான மஞ்சள்கரு, அதுமேல் மெல்லிய நூல் மாதிரி ஒண்ணு நெளிஞ்சா கரு இருக்கு. மஞ்சள்கரு உடைஞ்சு கலங்கி இருந்தா இல்லை. அதை உடனே எடுத்துடுங்க, வெடிச்சா தொட்டியே நாறும்.

அசையலைன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வர்கள் 2013-ல் பழுப்புப் பட்டைச் சுறாவின் கருவைச் சோதிச்சாங்க. வேட்டைமீன் உடம்பிலிருந்து வர்ற மின்புலம் மாதிரி ஒண்ணைக் கொடுத்ததும் உள்ளே இருந்த குட்டி செவுள் அசைவை நிறுத்திக்கொண்டு மூச்சடக்கி உறைந்தது. கூட்டைவிட்டு ஓட முடியாத குட்டிக்கு இருக்கிற ஒரே தற்காப்பு அதுதான். அதனால் அசைவில்லாத கூட்டைச் சும்மா விட்டு, சில நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க. ஒரே நாளில் பத்துத் தடவை டார்ச் அடிக்கவும் வேண்டாம். வாரம் ஒரு தடவை போதும்.

#7 ஆனையூரான்
எதுக்குங்க இவ்வளவு? பாக் நீரிணையில் சித்திரை வைகாசியில் தண்ணி 30 டிகிரிக்கு மேலதானே இருக்கு. அங்கே பொரிக்குது. இங்கே 30-ல் விட்டா இன்னும் சீக்கிரம் பொரிக்கும். சில்லர் (தண்ணியைக் குளிர்விக்கிற கருவி) செலவு மிச்சம்.

#8 உப்புமூட்டை
சீக்கிரம் பொரிக்கும். அதுதான் சிக்கல், தம்பி.

இதன் நெருங்கிய சொந்தம், ஆஸ்திரேலியாவின் எபாலெட் சுறா. அதே குடும்பம், அதே மாதிரி முட்டையிடும். 2021-ல் வெளியான ஆய்வில் அதன் முட்டைகளை 27, 29, 31 டிகிரியில் வளர்த்தாங்க. 27-ல் சுமார் 125 நாள் எடுத்தது, 31-ல் சுமார் 100 நாளில் வெளியே வந்தது. ஆனா சூட்டில் வளர்ந்த குட்டி மஞ்சள்கருவை வேகமா எரிச்சுத் தீர்த்துட்டு, சிறுசா, தெம்பில்லாம வந்தது. பொதுவா மூங்கில் சுறாக் குட்டி பொரிச்ச முதல் நாட்களில் வயித்துக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள்கருவில்தான் ஓட்டும். அந்தக் கையிருப்பு காலியா இருந்தா, இரை பிடிக்கத் தெரியாத அந்த நாட்களிலேயே முடிஞ்சிரும். பழுப்புப் பட்டைச் சுறாவில் 2014-ல் செய்த சோதனையிலும் 30 டிகிரியும் அமிலத்தன்மையும் சேர்ந்தபோது பொரித்த குட்டிகள் பிழைப்பது குறைஞ்சது.

கடலோட தொட்டியை ஒப்பிடவும் முடியாது. கடலில் தாய் இடம் பார்த்து இடும், தண்ணி மாறிக்கிட்டே இருக்கும். தொட்டியில் சூடு ஏறினா ரெண்டு வேலை நடக்கும். கரைஞ்ச ஆக்சிஜன் குறையும்: 35 உப்பளவில் (கிலோ தண்ணிக்கு 35 கிராம் உப்பு) 25 டிகிரிக்கு லிட்டருக்கு 6.8 மி.கி. பிடிக்கும், 30-க்கு 6.2 தான். அதே நேரத்தில் அம்மோனியாவில் விஷமான பங்கு கூடும். கிடைப்பது குறையுது, கொல்வது கூடுது.

25 முதல் 26-ல் நிறுத்துங்க.

#9 சிலைமான் சால்ட்
மதுரையில் 26-ல் நிறுத்துறது பத்தி. மாசி கடைசியிலிருந்து ஆவணி வரை சில்லர் இல்லாம முடியாது. தண்ணிமேல் விசிறி ஓட்டினா ரெண்டு மூணு டிகிரி இறங்கும், நம்ம ஊர் காத்து வறண்டதுங்கறதால் நல்லாவே இறங்கும். ஆனா ஆவியாவது தண்ணி மட்டும்தான், உப்பு அங்கேயே நிக்கும். 450 லிட்டரில் 20 லிட்டர் போனா 35 உப்பளவு 36.6 ஆகிடும். தினம் ரெண்டு வேளை ஆர்.ஓ. தண்ணி ஊத்தி ஈடு கட்டணும். உப்புத்தண்ணி ஊத்தி ஈடு கட்டுறவங்க இருக்காங்க, பத்து நாளில் தொட்டி உப்பளமாயிரும்.

சில்லர் வாங்கும்போது அட்டவணையை நம்பி அளவா வாங்காதீங்க. மாடி அறை 36 போகும் ஊருக்கு ஒரு படி பெருசு வேணும். அதன் வெப்பக்காத்து அதே அறைக்குள் சுத்தினா வாங்கியும் பிரயோஜனம் இல்ல, ஜன்னலுக்கு வெளியே விடுங்க.

போர் தண்ணியை நேரா உப்பு கலக்கப் பயன்படுத்தவே வேண்டாம். கடினமும் நைட்ரேட்டும் அதிகம். சுறாவுக்கு நைட்ரேட் அதிகமானா உடம்பு அயோடினை எடுத்துக்கொள்வது தடைபடும், தொண்டைக்குக் கீழே கழலை வீங்கும்.

#10 ஆனையூரான்
சரி, ஒத்துக்கிறேன். உப்புக்காவது தூத்துக்குடி உப்பு மூட்டை போடலாமா? கிலோ கணக்கில் மலிவு.

#11 சிலைமான் சால்ட்
கூடாது. உப்பளத்தில் சோடியம் குளோரைடு படிகமாகும், மக்னீசியம் முக்கால்வாசி மிஞ்சுற கசப்புநீரோட போயிரும். கால்சியமும் கார்பனேட்டும் அதுக்கு முன்னாடியே அடியில் இறங்கியாச்சு. நீங்க வாங்குறது கடலின் ஒரு பங்குதான். உப்புமானி கடல்நீரின் அடர்த்தியான 1.025-ஐக் காட்டும், ஆனா பி.எச். நிக்காது.

ரெண்டு வழி. அக்வேரியம் உப்பு லிட்டருக்கு 36 முதல் 38 கிராம், 450 லிட்டருக்குச் சுமார் 17 கிலோ. இல்லைன்னா இயற்கைக் கடல்நீர். துறைமுகத்துப் பக்கம் டீசல் படலம் இருக்கும், அங்கே மொள்ளாதீங்க. ஐப்பசி கார்த்திகை மழையில் உப்பளவு இறங்கியிருக்கும், அப்பவும் வேண்டாம். கொண்டுவந்த நீரை 1000 லிட்டருக்கு 30 கிராம் பிளீச்சிங் பவுடர் (30 சதவீதம் குளோரின் உள்ளது) போட்டு ஒரு நாள் விட்டு, பிறகு மொட்டைமாடி வெயிலில் காத்தடிச்சுக்கிட்டே ரெண்டு நாள் வைங்க. மிச்சம் இருந்தா சோடியம் தயோசல்பேட் கொஞ்சம் கொஞ்சமா, 1000 லிட்டருக்கு 70 கிராமுக்குள். குளோரின் கிட்டில் நிறமே வரலைன்னா மட்டும் தொட்டிக்கு.

உப்பளவு 34 முதல் 35, பி.எச். 8.0 முதல் 8.3, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம்.

#12 கம்பிவேலை
மின்சாரத்தைப் பத்தி யாரும் சொல்லலையே. சுறாவின் மூக்கைச் சுத்திப் புள்ளிபுள்ளியா இருக்கிறது வெறும் ரோமத்துளை இல்ல. கூழ் நிரம்பிய குழாய்கள், மின்புலத்தை உணர்ற உறுப்பு. மணலுக்குள் புதைஞ்ச இறாலின் தசை அசைவையே கண்டுபிடிக்கும். ஹீட்டர் கண்ணாடியில் மயிரளவு கீறல், பம்பு வயரில் உரிசல் இருந்தா தொட்டி முழுக்கக் கசிவு ஓடும். சாப்பிடாம, பகலிலும் சுத்திச் சுத்தி நீந்திக்கிட்டே இருந்தா தண்ணியைச் சோதிக்கிற கையோட இதையும் சோதிங்க. ஒவ்வொரு கருவியா அணைச்சுப் பார்த்தா எதுன்னு தெரியும்.

டைட்டானியம் எர்த் கம்பி விக்கிறாய்ங்க. 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் (மின்சாரம் கசிஞ்சா உடனே இணைப்பை நிறுத்துற சுவிட்ச்) இல்லாம அதை மட்டும் போடுறது தப்பு. கசிவுக்குப் பாதை கொடுக்கும், கருவியை நிறுத்தாது. முதலில் துண்டிப்பான், அப்புறம் கெட்ட கருவியை மாத்துறது. உப்புத்தண்ணியில் கை விடுறது நீங்க.

மின்தடைக்கு: பேட்டரியில் ஓடும் காத்துப் பம்பு கட்டாயம். இன்வெர்ட்டரில் சில்லரை மாட்டாதீங்க, தாங்காது. சுத்து பம்பை மட்டும் மாட்டுங்க. மூடின வடிகட்டிக்குள் ஓட்டம் பல மணி நேரம் நின்னா கழிவைச் சிதைக்கிற பாக்டீரியா செத்துரும். மின்சாரம் வந்ததும் அந்த அழுகல் தண்ணி தொட்டிக்குள் போகாதபடி அலசிட்டு ஓட்டுங்க.

#13 வைகைவடகரை
நல்ல தகவல். பொரிச்ச பிறகு? கூடு கிழிய லேட்டானா வெட்டி எடுக்கலாமா?

#14 செவுள்
வெட்டவே கூடாது. வெளியே மஞ்சள்கருப் பை தொங்கும்போது வெட்டினா குட்டி பிழைக்காது. பை முழுசும் உள்ளே போன பிறகு தானே முனையைத் தள்ளிக்கிட்டு வரும், பெரும்பாலும் ராத்திரியில். நீளம் 10 முதல் 15 செ.மீ.க்குள் இருக்கும்.

முதல் வாரம் சாப்பிடலைன்னா பதறாதீங்க, உள்மஞ்சள்கரு ஓடும். அதுவரை தினம் ராத்திரி விளக்கணைச்சதும் ஒரு துணுக்கு காட்டி, தொடலைன்னா அரை மணி நேரத்தில் எடுத்துடுங்க. முதல் இரை உரிச்ச இறால், கணவாய்க் கால், ரெண்டு கண்ணுக்கும் உள்ள இடைவெளியைவிடப் பெருசா இருக்கக் கூடாது. நீளமான பிளாஸ்டிக் இடுக்கியால் வாய்க்கு முன்னாடி மணலில் வைங்க, மூக்கில் இடிக்காதீங்க. குட்டிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், வளர்ந்ததுக்கு வாரம் மூணு தடவை. அதிகமாப் போட்டா கக்கும், கக்கினது மணலுக்கடியில் போய் அழுகும்.

கரிமேட்டிலோ நெல்பேட்டையிலோ வாங்கும்போது கடல் இறால், கணவாய், நகரை, சங்கரா மாதிரி மாத்தி மாத்தி வாங்குங்க. நெத்திலி, மத்தியை மட்டுமே உறையவச்சுப் போட்டா அதில் உள்ள தயமினேஸ் பி1 வைட்டமினைத் தின்னுடும், சில மாசத்தில் குட்டி நிலைதடுமாறி நீந்தும். ஆத்துக் கெண்டையும் அதே கதை. வாரம் ஒரு முறை பி1-உம் அயோடினும் உள்ள சுறா வைட்டமின் மாத்திரையை இரைக்குள் திணிச்சுக் கொடுங்க.

அடியில் நைசான மணல் ரெண்டு அங்குலம். கூரான பவளத்தூள் வயித்தைத் தேய்ச்சுப் புண்ணாக்கும். கல்லை மணல்மேல் வைக்காதீங்க, கண்ணாடிமேல் வச்சு அப்புறம் மணல் போடுங்க. இது அடியைத் தோண்டும், கல் சரிஞ்சு நசுங்கிரும். ரெண்டு பக்கமும் திறந்த 4 அங்குல பிவிசி குழாய் ஒண்ணு, விளிம்பை உரசி வழவழப்பாக்கி. பகலெல்லாம் அதுக்குள்ளதான். நீந்தாம கிடந்தா மூச்சு நிக்கும்னு பயப்பட வேண்டாம், இது வாய்த்தசையால் நீரை இழுத்துச் செவுளுக்கு அனுப்பும் இனம். வெளியே வந்தாலும் பாதி நேரம் மார்புத் துடுப்பை ஊன்றி நடக்கத்தான் செய்யும்.

செம்பு கலந்த மருந்து ஒரு சொட்டும் வேண்டாம். வேற மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய்னா அதைத் தனித்தொட்டிக்கு மாத்தி அங்கே போடுங்க. பித்தளை வால்வும் ஆகாது.

#15 புதூர்
கிளாத்தி, களவா சேர்த்துப் போடலாமா?

#16 செவுள்
கிளாத்தி துடுப்பைக் கடிக்கும், களவா குட்டியை முழுங்கும். வளர்ந்த சுறா பதிலுக்கு உங்க இறால், நண்டு, சின்ன மீனைக் காலி பண்ணும். தனியாவே விடுங்க.

#17 ஆனையூரான்
பல் கண்ணுக்கே தெரியலையே. நண்டு ஓட்டை எப்படி உடைக்கும்?

#18 உப்புமூட்டை
சின்னதா நிறைய வரிசை பல் இருக்கு. இரை மெத்துனு இருந்தா நிமிர்ந்து குத்திப் பிடிக்கும். கெட்டியா இருந்தா அழுத்தம் ஏற ஏறப் பல்லெல்லாம் உள்பக்கம் சாய்ஞ்சு தட்டையான தளமாயிரும், அதில் ஓடு நசுங்கும். தசை எதுவும் சாய்க்கிறதில்ல, அழுத்தத்தாலேயே சாயும். வெள்ளைப்புள்ளி மூங்கில் சுறாவில் 2007-ல் இதைக் காட்டினாங்க. கவ்வி இழுக்கிற ஜாதி இல்ல, வாயைச் சட்டுனு விரிச்சு உறிஞ்சுற ஜாதி. உறிஞ்சினது தொண்டைக்குள் போறப்ப தோள்வளையம் (மார்புத் துடுப்பைத் தாங்குற குருத்தெலும்பு) பின்னால் சுழலும்னு எக்ஸ்ரே படத்தில் பின்னாடி தெரிஞ்சது. நாக்கு இல்லாத பிராணிக்கு தோளே விழுங்க உதவுது!

#19 புதூர்
ஒரே ஒரு பெண்தான் இருக்கு, அது முட்டை போட்டா கருவிருக்க வாய்ப்பே இல்லைதானே? தூக்கிப் போட்டுடலாமா?

#20 செவுள்
அவசரப்படாதீங்க. ரெண்டு வழியில் கரு வரலாம். ஒண்ணு, சேமிச்ச விந்து. சான்பிரான்சிஸ்கோ ஸ்டைன்ஹார்ட் மீன்காட்சியகத்தில் பழுப்புப் பட்டைப் பெண் ஒண்ணு ஆணைவிட்டுப் பிரிஞ்சு 45 மாசத்துக்குப் பிறகும் அந்த விந்தால் கருவுள்ள முட்டை இட்டதை 2015-ல் பதிவு பண்ணினாங்க. ரெண்டாவது, ஆணே இல்லாம. டெட்ராய்ட் பெல் ஐல் மீன்காட்சியகத்தில் 2002-ல் வெள்ளைப்புள்ளிச் சுறாவின் முட்டை அப்படிப் பொரிச்சது. அப்படி வர்றது எல்லாம் பெண்ணாகவே இருக்கும். ஒரு மாசம் டார்ச் போட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

ஆண் பெண் பார்க்கக் குஞ்சிலேயே வயித்துத் துடுப்பின் உள்பக்கம் ரெண்டு குச்சி இருக்கான்னு பாருங்க, இருந்தா ஆண். ஜோடி சேர்த்தா பெண்ணின் மார்புத் துடுப்பில் கடித்தழும்பு வரும், அது நோயில்ல.

#21 கரிமேட்டுக்காரன்
குறுக்கே வந்ததுக்கு மன்னிக்கணும். இது சுறாப்புட்டுக்கு ஆகுமா?

#22 பாம்பன்காற்று
ஆகும், தின்றவங்க உண்டு. ஆனா சாம்பலும் ஒல்லியும் ரெண்டுமே அருகிவரும் உயிர்களின் உலகப் பட்டியலில் (ஐ.யு.சி.என்.) அழிவபாய நிலையில் இருக்கு. வேற மீனைப் பாருங்கண்ணே. மூக்கைத் துளைக்கிற வாடை வந்தா எந்தச் சுறாவையும் வாங்காதீங்க. உப்புக்கடலில் உடம்புநீரைக் காப்பாத்த சுறா ரத்தத்திலும் சதையிலும் யூரியாவை வச்சிருக்கும், செத்ததும் அது அம்மோனியாவா மாறும். வாடை ஏறியிருந்தா மீன் பழசு.

#23 வைகைவடகரை
கடைசிக் கேள்வி. பெருசானா எந்த அளவு தொட்டி? வீடு முதல் மாடி.

#24 கம்பிவேலை
சாம்பலுக்கே தரைப்பரப்பு 8×4 அடி வேணும். உயரம் முக்கியமில்ல, ரெண்டு அடி போதும். கொள்ளளவு 1,800 லிட்டர், உப்பு மட்டும் 65 கிலோவுக்கு மேல், தண்ணி எடை ஏறத்தாழ 1.85 டன். கண்ணாடி, ஸ்டாண்டு தனி. வீட்டுத் தளத்துக்குக் கட்டடவிதியில் வைக்கிற சுமை சதுர மீட்டருக்கு 200 கிலோ அளவு. ரெண்டு அடி ஆழத் தண்ணியே 600 கிலோவைத் தாண்டும், மூணு மடங்கு. முதல் மாடியில் பொறியாளர் கணக்குப் போட்டுச் சொல்லாம வைக்கவே கூடாது. கீழ்த்தளம், தரையோடு கான்கிரீட் மேடை, அதுவே வழி. வாரம் பத்துச் சதவீதம் தண்ணி மாத்தினா ஒவ்வொரு வாரமும் 7 கிலோ உப்பு.

#25 வைகைவடகரை
கீழ்த்தளத்தில் வண்டி நிக்குது. அப்போ முட்டையைத் தொடல. படகுக்காரங்ககிட்டப் பேசிக் கூட்டைக் கடலிலேயே போட வைக்க முடியுமான்னு பார்க்கிறேன்.

#26 பாம்பன்காற்று
ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு தடைக்காலம், எல்லாரும் கரையில் மடி தைச்சுக்கிட்டு இருப்பாங்க. அப்போ போய்ப் பேசுங்க. கூட்டை வெயிலில் தளத்தில் கிடத்தாம, ஒரு வாளிக் கடல்நீரில் போட்டு, அடுத்த தடவை மடி இறக்கும் இடத்திலிருந்து விலகி, பாசி உள்ள ஆழம் குறைஞ்ச தரையில் இறக்கச் சொல்லுங்க. சுறாவை நேரில் பார்க்கணும்னா மண்டபத்தில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மீன்காட்சியகம் இருக்கு.